மரந்தேர்தலிலிருந்து ஒட்டறிவு வரை: இல்லப் பட்டறைகளில் ஸ்கீயும் ஸ்னோபோர்டும் உருவாக்கும் பொருள்களும் நுட்பங்களும்

ஆய்வுச் சுருக்கம்

பனிச்சரிவுகளில் சறுக்கிச் செல்வதற்கான ஸ்கீயும் ஸ்னோபோர்டும் இன்று பெரும்பாலும் தொழிற்சாலைகளில் உருவாகின்றன. எனினும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பிய மலைநாடுகளிலும் இவற்றைத் தம் வீட்டுப் பட்டறைகளிலேயே செய்துகொள்வோர் உள்ளனர். அவர்கள் கையாளும் பொருள்களையும் செய்முறைகளையும் அவற்றின் காரணங்களோடு இக்கட்டுரை விளக்குகிறது. முற்காலக் கைவினைஞரின் திறன் தகுந்த மரத்தைத் தேர்வதில் இருந்தது. இக்கால இல்லப் பட்டறையாளரின் திறன், இயல்பில் ஒட்டாத பொருள்களை ஒட்டவைப்பதில் இருக்கிறது என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஸ்கீ, ஸ்னோபோர்டு, கைவினைத் தொழில்நுட்பம், நடுமரம், எப்பாக்சி, அடுக்குப் பிரிதல்.

முன்னுரை

ஸ்கீ என்பது பார்வைக்கு ஒரு பலகை. ஓர் ஆள் உயர நீளமும் அரைச் சாண் அகலமும் கொண்டு, முன்முனை மேல்நோக்கி வளைந்து காணப்படும். அதைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால்தான் அது ஒரு பலகை அன்று என்பது புலப்படும். வழவழப்பான நெகிழி அடித்தகடு, அதன் இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பு, அவ்விளிம்பின்மேல் மெல்லிய ரப்பர்ப் பட்டை, கண்ணாடி இழைத் துணி, மரம், மரத்தின் இருபுறமும் நெகிழிப் பக்கச்சுவர், மீண்டும் கண்ணாடி இழைத் துணி, எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் உறை எனப் பல பொருள்கள் ஒரு விரற்கடைத் தடிமனுக்குள் அடங்கியுள்ளன. இவற்றை ஒன்றாக வைத்திருப்பது பிசின் மட்டுமே. திருகாணியோ ஆப்போ எதுவும் இல்லை.

சறுக்குபவரின் முழு எடையும் வேகமும் அந்தப் பிசின் அடுக்கின் மீதுதான் ஏறுகின்றன. சரிவின் நடுவில் விளிம்பு கழன்றாலோ காலணியைப் பிணைக்கும் பூட்டு பெயர்ந்தாலோ விளைவது உடற்காயம். ஆகவே வீட்டில் ஸ்கீ செய்வோர் எதை நம்பி அதன்மீது ஏறுகின்றனர் என்பது பொருள் சார்ந்த கேள்வியாக மட்டுமன்றி, கைவினையறிவு எவ்வாறு உருவாகிறது என்னும் கேள்வியாகவும் அமைகிறது.

தமிழில் பனிச்சறுக்கு என்னும் சொல் விளையாட்டைக் குறிக்க வழங்குகிறது. கருவியைத் தனித்துக் குறிக்கும் சொல் நிலைபெறவில்லை. இரு கால்களுக்கும் தனித்தனியே பூணும் இணைக்கருவியை ஸ்கீ என்றும், இரு கால்களும் பக்கவாட்டில் நிற்கும் ஒற்றை அகலப் பலகையை ஸ்னோபோர்டு என்றும் இக்கட்டுரை வழங்குகிறது.

ஒற்றை மரத்தின் காலம்

சுவீடனின் வெஸ்டர்போட்டன் பகுதியில் கல்வ்ட்ரெஸ்க் என்னுமிடத்தில் 1924இல் சதுப்பு நிலத்திலிருந்து ஓர் இணை ஸ்கீயும் அதனோடு பயன்படுத்திய கோலும் கிடைத்தன. அவற்றின் காலம் இன்றைக்கு ஏறத்தாழ 5,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது எனக் கணிக்கப்பட்டுள்ளது. அன்றிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஸ்கீ என்பது பெரும்பாலும் ஒரே மரத்துண்டிலிருந்து செதுக்கப்பட்ட வீட்டுப்பொருளே. அதைச் செய்தவரும் அணிந்தவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருந்தனர்.

இந்நிலையில் அறிவு முழுவதும் மரத்தைப் பற்றியதாக இருந்தது. பின்லாந்தின் பழைய வழக்கு இதற்கு நல்ல சான்று. அங்கு ஒரு காலுக்கு நீண்ட சறுக்கு ஸ்கீயும், மறுகாலுக்கு உந்தித் தள்ளுவதற்கான குட்டை ஸ்கீயும் அணிந்தனர். நீண்டதற்கு லூலூ என்று பெயர். சாய்ந்து வளரும் ஊசியிலை மரத்தின் அடிப்பக்கத்தில், எடையைத் தாங்குவதற்காக உருவாகும் கடினமான மரப்பகுதிக்கும் அதே பெயர்தான். கருவியும் அதற்குரிய மரப்பகுதியும் ஒரே சொல்லால் வழங்கின என்பதிலிருந்து, காட்டில் எந்த மரம் எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்கும்போதே ஸ்கீயின் வேலை தொடங்கிவிட்டது என அறியலாம். செதுக்கிய பலகையின் முனையைக் கொதிநீரில் ஊறவைத்து வளைப்பதும், காய்ந்தபின் இரண்டு ஸ்கீக்களையும் அடியோடு அடிசேர்த்து நடுவில் ஒரு கட்டையைச் செருகி இரு முனைகளையும் கட்டிவைப்பதும் வழக்கம். அக்கட்டையால் ஏற்படும் மெல்லிய வில்வளைவே இன்றுவரை ஸ்கீயின் அடிப்படை வடிவமாகத் தொடர்கிறது.

வடமேற்குச் சீனத்தின் அல்தாய் மலைப்பகுதியில் துவா மக்கள் இன்றும் ஸ்ப்ரூஸ் பலகையில் ஸ்கீ செய்து, அடியில் குதிரைத்தோலைப் பொருத்துகின்றனர். மயிர் பின்னோக்கிப் படிந்திருப்பதால் முன்னே சறுக்கும். ஏறும்போது பின்னே வழுக்காது. பிசின் என்பதே தேவைப்படாத தொழில்நுட்பம் இது.

நார்வேயின் டெலிமார்க் மாவட்டத்து மோர்கடால் ஊரைச் சேர்ந்த சோந்திர நோர்ஹெய்ம் (1825–1897) வடிவத்தில் மாற்றம் கண்டவர்களுள் முதன்மையாகப் பேசப்படுபவர். அவரது ஸ்கீ முனைகளில் அகன்றும் இடையில் குறுகியும் இருந்தது. குதிகாலைச் சுற்றி முறுக்கிய மரக்கொடியால் ஆன பிணைப்பும் உண்டு. 1868இல் கிறிஸ்டியானியா நகரில், அதாவது இன்றைய ஒஸ்லோவில், நடந்த போட்டியில் அவர் காட்டிய திருப்பங்கள் புகழ்பெற்றன. இடை குறுகிய பலகையைச் சாய்த்து அழுத்தினால் அதன் ஓரம் ஒரு வட்டவில்லாகப் பனியில் பதிந்து, தானாகவே திரும்பும். இந்த வடிவியல் உண்மை ஒரு குடியானவரின் வெட்டுக்கத்தியில் பிறந்தது என்பதை மறக்கலாகாது.

ஒட்டு முறையின் வருகை

ஒரே மரத்தில் வலிமையும் இலேசும் சேர்ந்து அமைவது அரிது. அமெரிக்காவிலிருந்து வந்த ஹிக்கரி மரம் வலியது, ஆனால் எடை மிக்கது. பல மரங்களை ஒட்டிச் செய்யும் முறை 1930களில் நார்வேயின் ஸ்ப்லிட்கைன் ஸ்கீயால் பரவலாயிற்று. சால்ஸ்பர்க்கைச் சேர்ந்த ருடால்ஃப் லெட்னர் எஃகு விளிம்புக்கு 1926இல் காப்புரிமை பெற்றிருந்தார். மூன்றாவது திருப்பம் அமெரிக்க விமானத் தொழிலிலிருந்து வந்தது.

பால்டிமோரில் விமான நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஹோவர்ட் ஹெட், விமான உடலில் பயன்பட்ட அலுமினியத் தகட்டடுக்கு முறையை ஸ்கீக்குக் கொண்டுவர 1947 முதல் முயன்றார். ஒட்டவேண்டிய அடுக்குகளை ரப்பர்ப் பையிலிட்டு, காற்றை உறிஞ்சி, கழிவு எஞ்சின் எண்ணெயில் சூடேற்றிப் பிசினை இறுகச் செய்தார். முதலில் செய்த ஆறு இணைகளும் மலையில் முறிந்தன. ஒவ்வொரு முறிவுக்கும் பின் மாற்றி மாற்றிச் செய்து, 1950இல் விற்பனைக்குரிய ஸ்கீயை அடைந்தார். தொழிற்சாலை ஸ்கீயின் தொடக்கமாகக் கருதப்படும் இது, செய்முறையில் ஓர் இல்லப் பட்டறை முயற்சியே.

ஸ்னோபோர்டின் தோற்றமும் அத்தகையது. மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகனில் ஷெர்மன் பாப்பன் 1965 கிறிஸ்துமஸ் நாளன்று தம் மகளுக்காக இரண்டு ஸ்கீக்களை அருகருகே பிணைத்து ஒரு பலகையாக்கினார். அதுவே ஸ்னர்ஃபர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஜேக் பர்ட்டன் கார்பென்டர் 1977இல் வெர்மான்ட் மாநிலத்து லண்டன்டெரியில் பலகைகளைச் செய்து விற்கத் தொடங்கினார். 1998 நகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு இடம்பெற்றபோது, அதன் வயது ஒரு தலைமுறையைச் சற்றே கடந்திருந்தது.

நடுமரமும் தடிமன் வரைவும்

தற்கால ஸ்கீயின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள, கட்டடங்களில் காணும் ஐ வடிவ எஃகு உத்திரத்தை நினைவுகூரலாம். உத்திரம் வளையும்போது மேல்தட்டு ஒருவகை விசையையும் கீழ்த்தட்டு எதிர்வகை விசையையும் தாங்குகின்றன. நடுத்தண்டு அவ்விரண்டையும் விலக்கி நிறுத்துகிறது. ஸ்கீயில் மேலும் கீழும் உள்ள கண்ணாடி இழை அடுக்குகள் அத்தட்டுகள், மரம் நடுத்தண்டு. அடுக்குகள் ஒன்றன்மீதொன்று நழுவ முயல்வதை மரமும் பிசினும் சேர்ந்து தடுக்கின்றன. ஒட்டு விட்டுப்போனால் உத்திரம் தனித்தனித் தகடுகளாகிவிடும்.

மரமே தேவையா என்ற கேள்வி எழலாம். நுரைப்பொருளும் தேன்கூட்டமைப்பும் மரத்தைவிட இலேசானவை. ஆனால் பிணைப்புப் பூட்டின் திருகாணியைப் பற்றிக்கொள்ளும் திறன், ஆயிரக்கணக்கான முறை வளைந்தும் தளராமை, சாதாரணக் கருவிகளால் இழைக்க இயலுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே தருவது மரம். இல்லப் பட்டறையாளர் விரும்புவன பாப்லர், ஆஷ், மேப்பிள், மூங்கில் முதலியன. பாலோனியா மிக இலேசானது; தனித்து நின்றால் திருகாணியைத் தாங்காது. ஆகவே அதைக் கடின மரப் பட்டிகளோடு கலந்து ஒட்டுவர்.

மரத்தை ஒரே பலகையாகப் பயன்படுத்துவதில்லை. 1 முதல் 2 செ.மீ. அகலப் பட்டிகளாக அறுத்து, நிமிர்த்தி நிறுத்தி, பக்கவாட்டில் ஒட்டுவர். ஒரு பட்டியின் முறுக்கலை அடுத்தது ஈடுசெய்யும். ஒன்றில் கணு இருந்தாலும் முழு ஸ்கீயும் பழுதாகாது. பழைய கைவினைஞர் காட்டில் தேடிய குறையற்ற மரத்தை, இக்காலத்தவர் குறையுள்ள பட்டிகளைச் சேர்த்துப் பெறுகின்றனர். மரத்தின் ஈரம் 6 முதல் 8 விழுக்காட்டளவில் இருத்தல் நலம். ஈரம் மிகுந்தால் பிசின் இறுகியபின் மரம் சுருங்கி, ஒட்டிய தளத்தையே இழுக்கத் தொடங்கும்.

ஒட்டிய மரத்தை நீளவாக்கில் இழைத்து மெலிவிப்பதே நடுமர வேலையின் உயிர்ப்பகுதி. ஸ்கீயில் பொதுவாக முனைகளில் 2 மி.மீ., கால் நிற்கும் நடுப்பகுதியில் 10 முதல் 12 மி.மீ. வரை தடிமன் அமையும். ஸ்னோபோர்டு அகலமானதால் நடுவிலும் 7, 8 மி.மீ. போதும். இரு பக்கமும் சாய்வான தண்டவாளங்களை அமைத்து, அவற்றின்மேல் ரவுட்டர் என்னும் கடையும் கருவியை ஓட்டி இச்சரிவைப் பெறுவர்.

இங்கு ஒரு மில்லிமீட்டருக்குள்ள மதிப்பைக் கணக்கிட்டுப் பார்ப்பது தகும். முழுமரப் பலகையின் விறைப்பு தடிமனின் முப்படியைப் பொறுத்தது. 10 மி.மீ. பலகையை 11 மி.மீ. ஆக்கினால் விறைப்பு 33 விழுக்காடு கூடும். கண்ணாடி இழை அடுக்குகளின் தடிமன் மாறாதிருக்க, நடுமரம் மட்டும் கூடினால் விறைப்பு ஏறத்தாழ அவ்வடுக்குகளின் இடைவெளியின் இருபடிக்கு ஏற்பக் கூடும்; அதாவது சுமார் 21 விழுக்காடு. உண்மையான ஸ்கீயில் மரமும் இழையும் சேர்ந்து உழைப்பதால், விளைவு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இழைப்பில் நேரும் அரை மில்லிமீட்டர்ப் பிழையைச் சறுக்குபவரின் கால் உணரும் என்பது மிகையன்று. ஓர் இணையின் இரு ஸ்கீக்களும் வேறுவேறாக நடந்துகொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. எனவே இரண்டு நடுமரங்களையும் ஒரே கட்டையாக ஒட்டி இழைத்துப் பின்னர் இரண்டாகப் பிளப்போரும் உளர்.

இடைக்குறுக்கத்தின் கணக்கு

பக்க வளைவின் ஆரத்தைக் காண எளிய சூத்திரம் உண்டு. முன்னும் பின்னும் உள்ள அகன்ற இடங்களின் இடைத்தொலைவை இருபடியாக்கி, குறுக்க ஆழத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். முன் அகலம் 126, இடை 96, பின் அகலம் 116 மி.மீ. எனக் கொள்வோம். அகன்ற இடங்களின் சராசரி 121. இடையோடு வேறுபாடு 25. ஒரு பக்கத்துக்குரிய ஆழம் 12.5 மி.மீ. இடைத்தொலைவு 1.5 மீட்டர் எனில் ஆரம் 22.5 மீட்டர். இடையை ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் ஆரம் 20.8 மீட்டராகிவிடும். அச்சுப்பலகையை வெட்டும்போது மணல்தாளை இரண்டு முறை கூடுதலாக ஓட்டினால் ஸ்கீ வேறொன்றாகிவிடும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஒட்டாத பொருள்களை ஒட்டுதல்

அடித்தகடு மிகுமூலக்கூற்று எடைப் பாலிஎத்திலீன் என்னும் நெகிழியால் ஆனது, தடிமன் 1.2 மி.மீ. அளவு. பனியில் வழுக்குவதும் மெழுகை உள்வாங்குவதும் தேயாதிருப்பதும் அதன் நற்பண்புகள். அதே பண்புகளே ஒட்டுவோனுக்குப் பகை. எதுவும் தன்மேல் பற்றாததால்தான் அது நன்றாகச் சறுக்குகிறது. பற்றாததால் பிசினையும் ஏற்க மறுக்கிறது. இந்த முரணைத் தீர்க்க, அதன் ஒரு பக்கத்தை மட்டும் தீச்சுடரால் விரைந்து தடவுவர். சுடர் பட்ட தளம் உயிர்வளியேற்றம் பெற்று, பிசின் பரவத்தக்கதாகிறது. பெரும்பாலோர் இவ்வாறு பதப்படுத்திய தகட்டையே வாங்குகின்றனர். அப்பக்கத்தில் விரல் பட்டாலும் எண்ணெய்ப்பசை ஒட்டிப் பதம் கெடும் என்பதால் கையுறையோடுதான் தொடுவர்.

எஃகு விளிம்பு வேறுவகைச் சிக்கல். அடித்தகட்டை ஸ்கீ வடிவில் வெட்டியபின், விளிம்பைக் கையால் சிறிது சிறிதாக வளைத்து ஓரத்தோடு பொருத்தி, உடனொட்டும் பசையால் தற்காலிகமாக நிறுத்துவர். விளிம்பின் உட்புறத்தில் சீப்புப் பற்கள் போன்ற தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும்; அவை கண்ணாடி இழையின் அடியில் சிக்கி நின்று விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். முனையில் வளைவு மிகுவதால் அங்கேதான் வேலை தாமதப்படும். ஒரு ஸ்கீக்கு விளிம்பு வளைக்க ஒரு மாலை முழுவதும் ஆகலாம். சரியாக வளைக்காமல் பசையால் இழுத்துப் பிடித்துவைத்த விளிம்பு, நாள்தோறும் நேராக நிமிர முயன்றுகொண்டே இருக்கும். என்றேனும் ஒருநாள் வென்றுவிடும்.

எஃகும் கண்ணாடி இழையும் வெப்பத்தில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் ஒரே அளவில் இல்லை. வீட்டின் கதகதப்பிலிருந்து உறைநிலைக்குக் கீழுள்ள மலைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. கல்லில் மோதும் அதிர்வும் சேர்கிறது. இவ்விரண்டையும் தணிக்க, விளிம்பின்மேல் ஒரு மி.மீ.யில் சிறுபகுதியே தடிமன் கொண்ட ரப்பர்ப் பட்டையை இடுவர். பணத்தையோ எடையையோ மிச்சப்படுத்த இதை நீக்குவோர் பின்னர் வருந்துவர். அடுக்குக்குள் மறைந்து கிடக்கும் இந்தச் சிறு பட்டையை இக்கால ஸ்கீத் தொழிலின் நுட்பமான பொருளாகக் கொள்ளலாம்.

கண்ணாடி இழைத் துணி தமிழகக் கடற்கரையின் ஃபைபர் படகுகளை அறிந்தோர்க்குப் புதிதன்று. படகில் பெரிதும் பயன்படுவது பாலியெஸ்டர் பிசின், ஸ்கீயில் எப்பாக்சி. எப்பாக்சி இறுகும்போது சுருங்குவது குறைவு. மரத்தையும் உலோகத்தையும் பற்றும் திறன் மிகுதி. துணியிலும் வேறுபாடுண்டு. நீளவாக்கில் ஒரு தொகுதி, அதற்கு 45 பாகை சாய்வாக இருபுறமும் இரு தொகுதிகள் என மூன்று திசை இழை கொண்ட துணியையே பலரும் விரும்புவர். நீளவாக்கு இழை வளைவைத் தடுக்கும். சாய்விழைகள் முறுக்கலைத் தடுக்கும். முறுக்கல் தடுப்பு போதாத ஸ்கீ, இறுகிய பனியில் விளிம்பைப் பதிக்க முயலும்போது முனையில் நழுவிவிடும்.

சதுர மீட்டருக்கு 700 கிராம் எடையுள்ள துணியை எடுத்துக்கொண்டால், ஓர் இணைக்கு மேலும் கீழுமாக ஏறத்தாழ 600 கிராம் துணி தேவை. கையால் பிசினூட்டும்போது துணியின் எடைக்குச் சமமான பிசின் செல்லும்; மரம் உறிஞ்சுவதையும் வழிந்தோடுவதையும் சேர்த்தால் முக்கால் கிலோவைத் தாண்டும். இதை ஒரே குவளையில் கலப்பது தொடக்கக்காரரின் வழக்கமான தவறு. பிசினும் ஹார்டனரும் சேர்ந்து வினைபுரியும்போது வெப்பம் வெளிப்படுகிறது. குவளையில் அது வெளியேற வழியில்லாமல் வினையை மேலும் விரைவுபடுத்துகிறது. சில நிமிடங்களில் குவளை புகையத் தொடங்கும். கலந்தவுடன் துணிமேல் ஊற்றிப் பரப்பிவிட்டால் இச்சிக்கல் இல்லை. கலவை விகிதத்தையும் கண்ணளவில் விடலாகாது; எடைத்தராசு இன்றியமையாதது. விரைவில் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றினால் பிசின் இறுகாமல் பிசுபிசுத்தே நிற்கும்.

பக்கச்சுவருக்கு ஏபிஎஸ் நெகிழியே வீட்டில் செய்வோர்க்கு ஏற்றது. பாலிஎத்திலீன் வலியது என்றாலும், அதற்குத் தீச்சுடர்ப் பதம் வேண்டும். ஏபிஎஸ் நெகிழியை மணல்தாளால் சொரசொரப்பாக்கினாலே போதும். ஸ்னோபோர்டில் கூடுதலாக ஒரு வேலை உண்டு. பூட்டைத் திருகாணியால் மரத்தில் நேரே இறுக்காமல், 6 மி.மீ. மரையுள்ள எஃகுச் செருகிகளை நடுமரத்தின் அடிப்பக்கத்திலிருந்து முன்னரே பதித்துவைக்க வேண்டும். அவற்றின் வாயைப் பிசின் அடைத்துவிட்டால் பலகை முழுதும் வீணாகும் என்பதால் மெழுகோ சிறு திருகாணியோ இட்டு மூடுவர்.

அச்சும் அழுத்தமும்

அடுக்குகள் எல்லாம் பிசினில் நனைந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியபின், அவற்றை வடிவத்தோடு அழுத்திப் பிடிக்க அச்சு வேண்டும். மரத்தூள் அட்டையில் ஒரே வரைவிலான விலா எலும்புகளை வெட்டி அடுக்கி, மேலே மெல்லிய அலுமினியத் தகட்டைப் போர்த்துவர். முனை மேல்நோக்கி 5 செ.மீ. அளவும், நடுவில் வில்வளைவு 5 முதல் 10 மி.மீ. அளவும் எழும்புமாறு அச்சு அமையும். தரையில் வைத்தால் நடுப்பகுதி உயர்ந்து நிற்கும். ஆள் ஏறி நின்றால் தட்டையாகி, எடை முனைகளுக்கும் பகிரப்படும். 2002இல் ஷேன் மெக்காங்கியின் எண்ணத்தில் உருவான வோலன்ட் ஸ்பாட்டுலா ஸ்கீ இவ்வளைவைத் தலைகீழாக்கி, ஆழ்ந்த புதுப்பனியில் மிதக்கும் வடிவத்தைத் தந்தது. தொழிற்சாலைக்குப் புதிய உலோக அச்சு பெருஞ்செலவு. வீட்டில் செய்வோர்க்குச் சில பலகைகளை மறுபடி வெட்டினால் போதும். வடிவச் சோதனையில் சிறு பட்டறைகள் தயங்காததற்கு இது முதன்மைக் காரணம் எனலாம்.

அழுத்தத்துக்கு இரு வழிகள் உண்டு. முதலாவது, ஹெட் கையாண்ட வெற்றிடப் பை. செலவு குறைவு, இடர் குறைவு. ஆனால் வெளிக்காற்றின் அழுத்தத்துக்குமேல் ஒருபோதும் பெற இயலாது, சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ என்பதே அதன் எல்லை. இரண்டாவது, தீயணைப்பு நீர்க்குழாய் அழுத்தி. இரண்டு கனத்த எஃகு உத்திரங்களுக்கிடையே அச்சை வைத்து, அதன்மேல் தட்டையாகக் கிடக்கும் குழாயில் காற்றை ஏற்றுவர். குழாய் விரிந்து எல்லா இடத்தும் சமமாக அழுத்தும். தீயணைப்புக்காக நெய்யப்பட்ட குழாய் ஸ்கீத் தொழிலுக்கு வந்தது, கிடைத்ததைக் கொண்டு தேவையை முடிக்கும் கைவினை மனப்பான்மைக்கு எடுத்துக்காட்டு.

எனினும் அக்குழாய்க்குள் இருப்பதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. 180 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் கொண்ட ஸ்கீயின் பரப்பு 1,800 சதுர செ.மீ. காற்றழுத்தம் 3 பார் எனில் உத்திரங்களைப் பிளக்க முயலும் விசை ஏறத்தாழ 5,500 கிலோ எடைக்கு நிகர். 160 செ.மீ. நீளமும் 28 செ.மீ. அகலமும் உள்ள ஸ்னோபோர்டுக்கு அதே அழுத்தத்தில் 13,700 கிலோ. சரக்கேற்றிய லாரி ஒன்றை வீட்டுக் கூடத்தில் தூக்கி நிறுத்துவதற்கு ஒப்பானது இது. மரச் சட்டத்தாலோ மெல்லிய திருகாணியாலோ இதைக் கட்டுப்படுத்தலாம் என்று நம்புவது ஆபத்து. புதிய அழுத்தியை முதலில் காற்றுக்குப் பதில் நீரேற்றிச் சோதிப்பது அறிவுடைமை. நீர் அமுங்காதது ஆகையால் குழாய் வெடித்தாலும் சிந்தும். அமுங்கிய காற்றோ சிதறடிக்கும்.

அழுத்தம் மிகுந்தால் ஸ்கீ சிறக்கும் என்பதும் பிழை. மிகையழுத்தம் பிசின் முழுவதையும் பிழிந்து வெளியேற்றி, துணியை வறண்டதாக்கிவிடும். அடுக்குகள் ஒன்றையொன்று முழுமையாகத் தொடுவதற்கு வேண்டிய அளவே போதும்.

அறை வெப்பத்தில் பிசின் இறுக ஓர் இரவு தேவை. மின்வெப்பப் போர்வையால் 60 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினால் சில மணி நேரத்தில் முடிவதோடு, பிசினின் வெப்பத் தாங்குதிறனும் உயரும். ஆனால் சூடேற்றி இறுகிய ஸ்கீ குளிரும்போது அடித்தகடும் மேலுறையும் இழையும் வேறுவேறு அளவில் சுருங்குவதால், அச்சிலிருந்த வில்வளைவு அப்படியே கிடைப்பதில்லை. எவ்வளவு மாறும் என்பதைக் கணக்கு முழுமையாகச் சொல்லாது. அதே பொருள்களோடு முன்னர்ச் செய்த ஸ்கீதான் சொல்லும். முதல் இணையைச் சறுக்குவதற்காக அன்றி அளப்பதற்காகவே செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளோர் கூறுவதன் பொருள் இதுவே.

உடல்நலமும் தோல்வியும்

பட்டறையில் கண்ணுக்குப் புலப்படும் ஆபத்துகளைவிடப் புலப்படாதவையே மிகுதி. எப்பாக்சியும் அதன் ஹார்டனரும் தோலில் பலமுறை பட்டால் ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை உண்டான ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நீங்காது. அதன்பின் அந்தக் கைவினையையே கைவிட நேரிடும். கையில் ஒட்டிய பிசினைக் கரைப்பானால் துடைப்பது அதைத் தோலுக்குள் மேலும் செலுத்தும். சோப்பு நீரே தக்கது. இறுகிய ஸ்கீயை அச்சு வடிவில் அறுக்கும்போது எழும் கண்ணாடி இழைத் தூள் மூச்சுக்கும் கண்ணுக்கும் தீங்கு. துணித்திரை அன்று, தூள்வடிகட்டியுள்ள முகமூடியே வேண்டும். ஓர் இணை ஸ்கீக்காகச் செய்யப்படும் இந்த ஏற்பாடுகள், கடையில் வாங்குவதைவிட வீட்டில் செய்வது மலிவு என்னும் எண்ணத்தைப் பெரும்பாலும் பொய்யாக்கிவிடுகின்றன. அச்சும் அழுத்தியும் பல இணைகளுக்குப் பயன்பட்டால்தான் கணக்கு நேராகும்.

தொழிற்சாலை தன் ஸ்கீக்களில் திருகாணி பெயரும் விசையையும் வளைவுச் சோர்வையும் கருவிகளால் சோதிக்கிறது. வீட்டில் செய்வோரிடம் அக்கருவிகள் இல்லை. ஸ்கீயை இரு தாங்கிகளில் வைத்து நடுவில் தெரிந்த எடையைத் தொங்கவிட்டு, எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என அளந்து, தாம் விரும்பும் ஒரு தொழிற்சாலை ஸ்கீயோடு ஒப்பிடுவது அவர்களின் வழி. நடுமரத்தின் மிச்சத் துண்டு ஒன்றில் அதே துணியையும் பிசினையும் ஒட்டி, திருகாணியை இறுக்கிப் பிடுங்கிப் பார்ப்பதும் உண்டு.

இவற்றைவிடத் தெளிவான சான்று உடைந்த ஸ்கீயிடமிருந்து கிடைக்கிறது. பிரிந்த அடுக்கை அறுத்துத் திறந்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பர். இரு பக்கமும் மரநார் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் ஒட்டு நன்று, மரமே தோற்றது. வெண்மையாக உலர்ந்த இழைகள் தெரிந்தால் பிசின் போதவில்லை, அல்லது மிகையழுத்தம் அதைப் பிழிந்துவிட்டது. கண்ணாடிபோல் பளபளக்கும் பிசின் தளம் தெரிந்து, எதிர்ப்பக்கத்து அடித்தகட்டில் எதுவுமே ஒட்டாதிருந்தால், சுடர்ப்பதம் பெற்ற பக்கத்தை யாரோ வெறுங்கையால் தொட்டிருக்கலாம், அல்லது தகட்டைத் தலைகீழாக வைத்திருக்கலாம். அந்தப் பட்டறையில் அடுத்த தகடு வரும்போது, பதப்படுத்திய பக்கத்தின் மூலையில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி விழும்.